அரசு வேலை எடுக்கும் சிறு நிறுவனங்களுக்கு வரும் வினோத நிபந்தனைகள்: எவற்றைப் பொருட்படுத்த வேண்டும்?

புதுநிரல்:

வணக்கம். பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் ஒரு மென்பொருள் பராமரிப்பு நிறுவனத்தை நடத்துகிறேன். நிறுவனம் அமெரிக்காவில் பதிவானது. இதுவரை தனியார் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே வேலை செய்திருக்கிறோம். இப்போது கூட்டரசுத் துறை ஒன்றின் பணியில், ஒரு பெரிய முதன்மை ஒப்பந்ததாரரின் கீழ்த் துணை ஒப்பந்ததாரராகச் சேர அழைப்பு வந்துள்ளது. நாங்கள் செய்ய வேண்டிய வேலை சில பக்கங்களில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் நிபந்தனைப் பட்டியல்தான் திகைக்க வைக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு எண்ணையும் தலைப்பையும் மட்டும் தந்து, அவற்றின் முழு வாசகமும் இந்த ஒப்பந்தத்தில் அடங்கியதாகவே கொள்ளப்படும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

தேடிப் படித்தேன். ஊழியர்கள் வண்டி ஓட்டும்போது குறுஞ்செய்தி அனுப்புவதைத் தடுக்கும் கொள்கை பற்றி ஒரு நிபந்தனை பேசுகிறது. குறிப்பிட்ட சில சீன நிறுவனங்களின் கண்காணிப்புக் கேமராவும் தொலைத்தொடர்புக் கருவியும் எங்களிடம் இருக்கக் கூடாது என்கிறது இன்னொன்று. வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது, பணிக்குப் பயன்படும் கைபேசியில் டிக்டாக் இருக்கக் கூடாது, இறுதிப் பணம் பெற்ற பிறகும் 3 ஆண்டுகளுக்குக் கணக்கேடுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. நிரல் எழுதிக் கொடுப்பதற்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்பதை விளக்க முடியுமா? இவற்றில் எவை சடங்குக்காக இருப்பவை, எவை உண்மையிலேயே எங்களைப் பாதிக்கக் கூடியவை?

ஏட்டுச்சுவடி:

அரசுக் கொள்முதல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் வினோதம் என்று கருதும் நிபந்தனைகளில் பெரும்பாலானவற்றை, உங்கள் வேலையை மனத்தில் வைத்து யாரும் எழுதவில்லை. ஓர் அரசு தன் கொள்கையைச் சட்டமாக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை வேண்டும், விவாதம் வேண்டும், காலமும் வேண்டும். அதே கொள்கையைத் தன்னிடம் பொருளோ சேவையோ விற்க வருபவர்கள்மீது நிபந்தனையாக வைப்பதற்கு, பல நேரங்களில் நிர்வாகத் தலைவரின் ஓர் ஆணை போதும். குறுஞ்செய்தி நிபந்தனை அப்படி வந்ததுதான். 2009 அக்டோபர் 1 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட 13513ஆம் எண் ஆணையின் விளைவாகக் கூட்டரசுக் கொள்முதல் விதித்தொகுப்பில் 52.223-18 என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் வாசகத்தை நிதானமாகப் படித்தால், அத்தகைய கொள்கையை வகுக்குமாறு ஒப்பந்ததாரரை அது ஊக்குவிக்கிறதே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை என்பது தெரியும். ஊழியர் கையேட்டில் ஒரு பத்தி சேர்த்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

கேமரா நிபந்தனையை அந்த வகையில் சேர்க்க வேண்டாம். 2019 நிதியாண்டுக்கான பாதுகாப்பு அங்கீகாரச் சட்டத்தின் 889ஆம் பிரிவு அது. ஹுவாவே, இசட்டிஇ, ஹிக்விஷன், டாஹுவா, ஹைட்டெரா ஆகிய நிறுவனங்களின் கருவிகளை அது குறிக்கிறது. அவற்றை அரசுக்கு விற்கக் கூடாது என்பது முதல் பகுதி. 2020 ஆகஸ்ட் 13 முதல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் பகுதியின்படி, அவற்றைத் தன் சொந்தப் பயன்பாட்டில் வைத்திருக்கும் நிறுவனத்துடன் அரசு ஒப்பந்தமே செய்யக் கூடாது. அந்தக் கேமரா அரசு வேலை நடக்கும் அறையில் இருக்கிறதா, வாகன நிறுத்துமிடத்தின் வாயிலில் இருக்கிறதா என்ற வேறுபாடு அங்கே இல்லை. பிற்பாடு கண்டுபிடித்தால் ஒரே வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் உண்டு. மலிவாகக் கிடைக்கும் கேமராக்களில் பல வேறு பெயரில் விற்கப்படும் இதே நிறுவனங்களின் தயாரிப்புகள்தாம் என்பதால், பெட்டியின்மேல் உள்ள பெயரை மட்டும் நம்பக் கூடாது.

இரும்புப்பட்டறை:

தலைப்பு பொதுவாக இருப்பதால் இந்திய அனுபவத்தையும் சொல்ல விரும்புகிறேன். பொதுத்துறை நிறுவனங்களுக்கு வார்ப்பு உதிரிபாகங்கள் செய்து தருகிறோம். இங்கே வினோதமான நிபந்தனை என்று கேட்டால், ‘ஃபால் கிளாஸ்’ என்று எல்லோரும் சொல்லும் விலைக்குறைப்பு நிபந்தனையைத்தான் முதலில் குறிப்பிடுவேன்.

விலை ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலம் முழுவதும், அதே பொருளை வேறு எவருக்கேனும் குறைந்த விலையில் விற்றாலோ, விற்க முன்வந்தாலோகூட, அந்த நாளிலிருந்து அரசுக்குரிய விலையும் தானாகவே அந்த அளவுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு பில்லோடும், நான் யாருக்கும் இதைவிடக் குறைவாக விற்கவில்லை என்று சான்றும் தர வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. தேங்கிக் கிடக்கும் சரக்கைக் கழிப்பதற்காகவோ, உடனே பணம் தரும் வாடிக்கையாளருக்காகவோ ஒரு சிறு உற்பத்தியாளர் விலையைக் குறைக்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். தனியார் வாங்குபவர் முன்பணம் தருகிறார், சரக்கைத் தானே எடுத்துச் செல்கிறார், தாமதத்துக்கு அபராதம் போடுவதில்லை. அரசு நிறுவனமோ வங்கி உத்தரவாதம் கேட்கிறது, ஆய்வாளர் வரும்வரை சரக்கைக் காத்திருக்க வைக்கிறது, தாமதமானால் வாரத்துக்கு 0.5 விழுக்காடு வீதம் 10 விழுக்காடு வரை பிடித்துக்கொள்ளும் உரிமையையும் வைத்துக்கொள்கிறது. இவ்விரு விற்பனைகளின் விலையும் ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் நிபந்தனை எண்ணை மட்டுமே பார்க்கிறது. வேலை முடிந்து கணக்குத் தணிக்கை நடக்கும்போது, எங்கோ கொடுத்த ஒரு பழைய விலைப்புள்ளியை எடுத்துக் காட்டி, முழு ஒப்பந்தத்துக்கும் வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்ட நிகழ்வை நாங்களே சந்தித்திருக்கிறோம்.

ஏட்டுச்சுவடி:

இரும்புப்பட்டறை அவர்களின் வருத்தம் புரிகிறது. எனினும் மறுபக்கத்தையும் பதிவு செய்ய வேண்டியுள்ளது. கொள்முதல் அலுவலரிடம் சந்தை விலையை அன்றாடம் அறிய வழியில்லை. தன் கையெழுத்துக்குப் பல ஆண்டுகள் கழித்தும் தணிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். விலையைக் கண்காணிக்கும் பொறுப்பை விற்பவர்மீதே சுமத்துவது, அரசுக்குச் செலவில்லாத ஒரு பாதுகாப்பு. மேலும் 2017 அக்டோபர் இறுதியில் மூடப்பட்ட மத்திய வழங்கல் மற்றும் அப்புறப்படுத்தல் தலைமை இயக்ககத்தின் பழைய மாதிரி வாசகத்திலேயே விதிவிலக்குகள் இருந்தன: ஏற்றுமதி, புதிய இயந்திரத்தோடு பொருத்துவதற்காக உற்பத்தியாளருக்குக் குறைத்துக் கொடுக்கும் விலை, காலாவதித் தேதியுள்ள மருந்து போன்ற பொருள்கள். அந்த விதிவிலக்குகளைத் தங்கள் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் கேட்டீர்களா?

இரும்புப்பட்டறை:

கேட்டோம். டெண்டர் ஆவணத்தில் மாற்றம் செய்ய இயலாது என்ற ஒரு வரிப் பதில்தான் கிடைத்தது. பெரிய நிறுவனம் கேட்டிருந்தால் திருத்தம் வந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரிய நிறுவனம் கேட்கும்போது கூட்டக் குறிப்பில் அது பதிவாகும். சான்றில் கையெழுத்திடச் செய்வது செலவில்லாத பாதுகாப்பு என்கிறீர்கள். செலவு உண்டு ஐயா. அது எங்கள் கணக்கில் வருகிறது, அவ்வளவுதான். அடுத்த டெண்டரில் அதையும் சேர்த்தே விலை போடுகிறோம்.

நடுவழக்கு:

இருவரும் சொல்வதிலிருந்து ஒரு வேறுபாட்டைப் பிரித்தெடுக்கலாம் என்று தோன்றுகிறது. நிபந்தனைகள் இரண்டு வகைப்படும். முதல் வகை, வேலையைக் கட்டுப்படுத்துவது: எந்தத் தரத்தில், எந்த நாளுக்குள், எந்த நாட்டுப் பொருளால் என்பவை அதில் அடங்கும். இரண்டாம் வகை, நிறுவனத்தையே கட்டுப்படுத்துவது. விலைக்குறைப்பு நிபந்தனையும் 889ஆம் பிரிவும் இரண்டாம் வகை. ஒன்று உங்கள் மற்ற வாடிக்கையாளர்களோடு நீங்கள் செய்யும் வணிகத்துக்குள் நுழைகிறது, மற்றொன்று உங்கள் கட்டடத்துக்குள் நுழைகிறது. முதல் வகை எவ்வளவு வினோதமாக இருந்தாலும் வேலை முடிந்ததும் முடிந்துவிடும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குத் துணிப்பொருள் விற்பவர், 1941இலிருந்து வரும் பெர்ரி திருத்தத்தின்படி நூலிழைவரை உள்நாட்டிலிருந்தே பெற வேண்டும் என்பது கடுமையானதுதான்; ஆனால் அந்த நூலிழையை அந்த ஆர்டருக்கு மட்டும் தனியாக வாங்கிக்கொள்ள முடியும். நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையை அப்படி ஒதுக்கி வைக்க இயலாது. எனவே புதுநிரல் அவர்கள் பட்டியலைப் படிக்கும்போது, இது எவ்வளவு விசித்திரம் என்று கேட்பதைவிட, இது என் நிறுவனத்தில் எதுவரை எட்டுகிறது என்று கேட்பது பயன் தரும்.

இனி ஒரு திருத்தம். ஏட்டுச்சுவடி அவர்கள் 889 பற்றிக் கூறியது முதன்மை ஒப்பந்ததாரரைப் பொறுத்தவரை சரி. அதைச் செயல்படுத்தும் 52.204-25 பிரிவின் இறுதியில், துணை ஒப்பந்தங்களில் இந்தப் பிரிவைச் சேர்க்கும்போது சொந்தப் பயன்பாட்டுத் தடையைச் சொல்லும் உட்பிரிவை விலக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதாவது, துணை ஒப்பந்ததாரராகிய உங்கள் வாயில் கேமராவைப் பற்றிச் சட்டம் உங்களிடம் நேரடியாகக் கேட்கவில்லை. முதன்மை ஒப்பந்ததாரர் கேட்கிறார். அவருடைய சட்டத் துறை, பிரித்துப் பார்க்கும் உழைப்பைத் தவிர்க்க, தன்மீது விழுந்த எல்லாவற்றையும் அப்படியே கீழே தள்ளிவிடுகிறது. துணை ஒப்பந்தங்களில் நான் காணும் நிபந்தனைக் குவியலில் கணிசமான பகுதி இப்படி வந்ததே. டிக்டாக் தடை அப்படியன்று. 2023 ஜூனில் வந்த 52.204-27 பிரிவு எல்லாத் துணை ஒப்பந்தங்களுக்கும் இறங்குகிறது, பணிக்குப் பயன்படும் ஊழியரின் சொந்தக் கைபேசியையும் உள்ளடக்குகிறது. ஆகவே ஒவ்வொரு பிரிவின் இறுதிப் பத்தியையும் முதலில் படியுங்கள். துணை ஒப்பந்தத்துக்கு எது, எந்த அளவில் இறங்கும் என்பது அங்கேதான் இருக்கும்.

2025 ஏப்ரலில் வந்த 14275ஆம் எண் ஆணைக்குப் பிறகு அந்த விதித்தொகுப்பு முழுவதும் திருத்தி எழுதப்பட்டு வருகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பிரிவின் அருகிலும் மாதமும் ஆண்டும் இருக்கும்; அந்தத் தேதியிட்ட வாசகம்தான் உங்களைக் கட்டும். இணையத்தில் முதலில் கிடைப்பது அந்த வாசகமாகவே இருக்கும் என்று கொள்ள வேண்டாம்.

கரையோரம்:

ஒரு சிறு கேள்வி. ஒப்பந்தத்தில் எழுதப்படாத நிபந்தனையும் நம்மைக் கட்டும் என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

நடுவழக்கு:

அமெரிக்கக் கூட்டரசின் முதன்மை ஒப்பந்தங்களில் உண்மை. லூசியானாவின் போர்ட் போக் ராணுவ முகாமில் வீடுகள் கட்ட ஒப்பந்தம் செய்திருந்த நிறுவனத்தின் பணியை, முகாம் மூடப்படுவதால் அரசு இடையில் நிறுத்தியது. அரசு தன் வசதிக்காக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்ற பிரிவு அந்த ஒப்பந்தத்தில் இல்லை. எனவே எதிர்பார்த்த லாபத்தையும் தர வேண்டும் என்று ஒப்பந்ததாரர் தரப்பு வழக்குத் தொடுத்தது. 1963இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், விதிகளின்படி இருந்தே ஆக வேண்டிய அந்தப் பிரிவு எழுதப்படாவிட்டாலும் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றது. ஜி. எல். கிறிஸ்டியன் வழக்கு என்பார்கள். எல்லாப் பிரிவுக்கும் இது பொருந்தாது. கட்டாயமானதாகவும், கொள்முதல் கொள்கையில் ஆழமாக வேரூன்றியதாகவும் இருக்கும் பிரிவுகளுக்கு மட்டுமே பொருந்தும். அரசின் முகவரோடு பேசி ஒரு நிபந்தனையை நீக்கிவிட்டோம் என்று மகிழும் முன், அதை நீக்கும் அதிகாரம் அவருக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

வெள்ளோட்டம்:

பிரிட்டனிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே வினோதம் நிபந்தனைப் பட்டியலில் வருவதில்லை, நம் வாயாலேயே வருகிறது. 2021 ஜனவரி முதல் மத்திய அரசின் பெரிய கொள்முதல்களில் ‘சமூக மதிப்பு’ என்ற தலைப்புக்கு மொத்த மதிப்பெண்ணில் குறைந்தது 10 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்றார்கள். வேலையற்றோருக்குப் பயிற்சி, கரிம உமிழ்வுக் குறைப்பு, உள்ளூர்த் தொண்டு என்று ஏதேனும் ஒன்றை விண்ணப்பத்தில் வாக்களிக்க வேண்டியிருக்கும். மதிப்பெண்ணுக்காகத் தாராளமாக எழுதிய அந்த வாக்குறுதி, வென்ற பிறகு அளந்து பார்க்கக்கூடிய ஒப்பந்தக் கடமையாகிவிடுகிறது. பயிற்சியாளர் இருவரை எடுப்பேன் என்று எழுதிய சிறு நிறுவனம், அவர்களுக்கு வழிகாட்ட ஒரு மூத்தவரின் நேரம் போகும் என்பதை விலையில் சேர்த்திருக்காது.

கணக்குப்புலி:

நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை என்று நடுவழக்கு சொன்னதற்கு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு, சலுகைகளோடு சேர்ந்து வருபவை. அமெரிக்காவில் பின்தங்கிய வணிகப் பகுதிகளுக்கான ஹப்சோன் திட்டத்தில் சேரும் சிறு நிறுவனத்தின் ஊழியர்களில் குறைந்தது 35 விழுக்காட்டினர் அத்தகைய பகுதியில் குடியிருக்க வேண்டும். தலைமை அலுவலகமும் அங்கேயே இருக்க வேண்டும். ஐவர் உள்ள நிறுவனத்தில் இருவர் அங்கே வசித்தாக வேண்டும் என்று ஆகிறது. அவர்களுள் ஒருவர் திருமணமாகி வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்தால் நிறுவனத்தின் தகுதியே கேள்விக்குள்ளாகலாம்! புதுநிரல் அவர்கள் நாளை நேரடியாக, சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்கிய சேவை ஒப்பந்தத்தை வென்றால் வேறொரு கணக்கும் வரும். அரசு தரும் தொகையில் 50 விழுக்காட்டுக்கு மேல், அதே தகுதியில்லாத துணை ஒப்பந்ததாரர்களுக்குக் கொடுக்கக் கூடாது. இந்தியாவில் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காடு பெற வேண்டும் என்ற கொள்கையும், குறைந்த விலைப்புள்ளியைவிட 15 விழுக்காடு வரை கூடுதலாகக் கேட்டிருந்தாலும் அந்த விலைக்கு இறங்கிவந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் இருக்கின்றன. அங்கும் சலுகை உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்பவருக்கு இல்லை.

ஆனால் இவற்றில் எதுவும் என்னைத் தூங்கவிடாமல் செய்ததில்லை. நான் தேடும் வரி மிகச் சாதாரணமாக இருக்கும்: முதன்மை ஒப்பந்ததாரர் அரசிடமிருந்து பணம் பெற்ற பிறகு துணை ஒப்பந்ததாரருக்குப் பணம் தரப்படும். இதை யாரும் வினோதம் என்று சொல்வதில்லை. மூன்று மாதச் சம்பளத்தைக் கைவசம் வைத்திராத நிறுவனத்துக்கு, கேமரா நிபந்தனை பத்து வந்தாலும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது. பிரிட்டனில் கட்டுமான ஒப்பந்தங்களுக்கு, மேலே இருப்பவர் நொடித்துப்போன நிலை தவிர, இந்த வரி செல்லாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டத்தின் 15ஆம் பிரிவு, என்ன எழுதிக்கொண்டாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. சரக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றதாகவே பொருள். இரும்புப்பட்டறை இதைப் பயன்படுத்தியதுண்டா?

இரும்புப்பட்டறை:

சட்டம் தெரியும். வட்டி கேட்டு வசதியாக்க மன்றத்துக்குப் போன சப்ளையருக்கு அடுத்த ஆர்டர் வருமா என்பதுதான் கேள்வி. போதாததற்கு, இறுதித் தொகை தரும்போது இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

நடுவழக்கு:

அந்தச் சான்று முற்றுப்புள்ளி அன்று. நிர்ப்பந்தத்தின் பேரில் எழுதி வாங்கப்பட்டதென்று முதல்நோக்கில் காட்ட முடிந்தால், தகராறு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று போகரா பாலிஃபேப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த நடுவரை அரசு நிறுவனமே தன்னிச்சையாக நியமிக்கும் பிரிவு, அரசும் தனியாரும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் சமத்துவத்துக்கு எதிரானது என்று 2024 நவம்பர் 8 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. சான்றில் கையெழுத்திட்ட மறுநாளே, எதற்காகக் கையெழுத்திட நேர்ந்தது என்று ஒரு கடிதம் அனுப்பி வைப்பது நல்லது. ஆண்டுகள் கழித்துச் சொல்லும் நிர்ப்பந்தத்தை நீதிமன்றம் எளிதில் நம்பாது. அடுத்த ஆர்டர் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் சட்டப் பதில் இல்லை.

புதுநிரல்:

எல்லோருக்கும் நன்றி. உங்கள் ஆலோசனைப்படி ஒவ்வொரு பிரிவின் இறுதிப் பத்தியையும் படித்து, துணை ஒப்பந்தத்துக்கு இறங்கத் தேவையில்லாதவற்றைக் குறித்து முதன்மை ஒப்பந்ததாரருக்கு அனுப்பினேன். சொந்தப் பயன்பாட்டுத் தடை உட்பிரிவையும், வேறு சிலவற்றையும் மறுப்பில்லாமல் நீக்கிவிட்டார்கள். கணக்குப்புலி சொன்ன வரி எங்கள் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. அதைத் தொட மறுக்கிறார்கள், தங்கள் நிறுவனத்தின் நிலையான நடைமுறை என்கிறார்கள். அதற்காக வேலையை விட்டுவிட வேண்டுமா?

ஏட்டுச்சுவடி:

விட வேண்டும் என்று சொல்லமாட்டேன். அவர்களுடைய அரசு ஒப்பந்தத்தில் பணம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, கடந்த பில்கள் எப்போது தீர்ந்தன என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

நடுவழக்கு:

வரியை நீக்கச் சொல்லாமல், அதற்கு ஒரு எல்லை போடச் சொல்லுங்கள்: அரசிடமிருந்து பணம் வந்த 7 நாட்களுக்குள், அல்லது உங்கள் பில் ஏற்கப்பட்ட 60 நாட்களுக்குள், எது முந்தியதோ அப்போது பணம் தரப்படும். அத்துடன் உங்கள் நிபந்தனைப் பட்டியலில் 52.232-40 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு விரைவாகப் பணம் தரும்போது முதன்மை ஒப்பந்ததாரரும் தன் சிறு துணை ஒப்பந்ததாரர்களுக்கு இயன்ற அளவு விரைவாகப் பணம் தர வேண்டும் என்று சொல்லும் பிரிவு அது. எண்ணும் தலைப்புமாக மட்டும் சேர்க்கப்பட்டவற்றில் அதுவும் இருந்தால், அவர்களுடைய நிலையான நடைமுறைக்கும் அவர்களே கையெழுத்திட்ட பிரிவுக்கும் உள்ள முரணை எழுத்தில் சுட்டிக்காட்டி, 60 நாள் எல்லையைக் கேளுங்கள்.